ஹாங்காங் பேய்ச் சண்டைப் படங்கள்: மேடை கொடுத்தது எது, சினிமா செய்துகொண்டது எது?

கேள்வி கேட்டவர் நாலைந்து காட்சிகளைச் சொல்லியிருக்கிறார். பழைய ஹாங்காங் பேய்ப் படங்களில் சண்டைக்கு நடுவே ஆள் சட்டென்று அசையாமல் நின்று கண்ணை உருட்டி முறைப்பது, அந்த நொடியில் பின்னால் தாம்பாளம் தரையில் விழுந்ததுபோல ஒரு சத்தம், இரண்டு விரலை நீட்டி மந்திரவாதி சுழல்வது, மேகத்துக்குள் பறப்பது, கையை முன்னே நீட்டியபடி குதித்துக் குதித்து வரும் பிணம். எல்லாமே சீன ஓபராவிலிருந்து (பாட்டு, அசைவு, சண்டை எல்லாம் கலந்த பாரம்பரிய மேடை நாடகம்) எடுத்தது என்று ஒரு வீடியோவில் சொன்னார்களாம்; உண்மையா என்கிறார். எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். ஆக, மேடை கொடுத்தது எது, சினிமா தானாகச் செய்துகொண்டது எது என்று பிரித்துச் சொல்லச் சொல்கிறார். வீடியோவில் சொன்னதில் பாதி சரி. ஆனால் மேடையிலிருந்து வந்தவற்றில் பெரிய விஷயத்தை அந்த வீடியோ தொடவே இல்லை என்று தோன்றுகிறது.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். படத்தொகுப்பு என் தொழில். கொஞ்ச காலமாக அதைச் சொல்லியும் கொடுக்கிறேன். சிங்கப்பூரில் இருப்பதால் சீனர்களின் ஏழாம் மாதத்தில் தெருவோரம் மேடை போட்டு ஆடும் ஓபராவைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். சீன மொழி வாசிக்கத் தெரியாது. மூல நூல்களைப் படித்து எழுதும் ஆராய்ச்சியாளனும் இல்லை. அதனால் ஒலி, அசைவு, வெட்டு பற்றிப் பேசும்போது தைரியமாகப் பேசுவேன். சடங்கு, வரலாறு என்று வரும்போது மற்றவர்கள் எழுதியதை நம்பித்தான் பேசுகிறேன். அதற்கேற்ற எடையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாத பகுதி உடம்பு. 1970களிலும் 80களிலும் இந்தப் படங்களில் குதித்தவர்கள், விழுந்தவர்கள், சண்டை அமைத்தவர்கள் பலர் ஓபராப் பள்ளிகளில் சிறு வயதிலேயே சேர்க்கப்பட்டவர்கள். யூ ஜிம்-யுவென் என்ற பீக்கிங் ஓபரா ஆசிரியர் ஹாங்காங்கில் நடத்திய பள்ளியில்தான் சாமோ ஹங், ஜாக்கி சான், யுவென் பியாவ், யுவென் வா, கோரி யுவென் எல்லோரும் வளர்ந்தார்கள். யுவென் என்று இத்தனை பேர் இருப்பது குருவின் பெயரிலிருந்து மேடைப்பெயர் எடுத்துக்கொண்டதால். ஒரே குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் போட்டுப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிடுவார்கள். தலைகீழாக நிற்பது, காலைச் சுவரோடு சேர்த்து உயர்த்துவது, பல்டி, ஈட்டி, பாட்டு, அடி, உதை எல்லாம் அங்கேதான். 1988இல் வந்த 'பெயின்டட் ஃபேசஸ்' இந்தப் பள்ளியைப் பற்றியது. அதில் சாமோ ஹங் தன் குருவின் வேடத்தையே போட்டார். இன்னொரு பள்ளி ஃபன் குக்-ஃபா என்ற பெண் கலைஞருடையது. லாம் சிங்-யிங் அங்கே படித்தவர்.

இவர்கள் சினிமாவுக்கு வந்தது கலையை விரிவுபடுத்தும் ஆசையில் அல்ல. ஹாங்காங் தென்சீன மொழியான கான்டனீஸ் பேசும் ஊர். வடக்குப் பேச்சில் பாடும் பீக்கிங் ஓபராவுக்கு அங்கே கூட்டம் குறைவு. 60களில் அதுவும் தேய்ந்தது. பிள்ளைகள் லாய் யுவென் பொழுதுபோக்குப் பூங்காவில் ஆடினார்கள். அதே சமயம் ஸ்டுடியோக்களுக்குப் பல்டி அடிக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். பிழைப்புக்காக மேடையிலிருந்து இறங்கிப் படப்பிடிப்புத் தளத்துக்குப் போனவர்கள் கையில் இருந்த வித்தையைத்தான் கொடுத்தார்கள். அந்த வித்தையில் பேயும் தெய்வமும் ஏற்கெனவே இருந்தன என்பதுதான் விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

குதிக்கும் பிணத்தைப் பார்ப்போம். 1985இல் வந்த 'மிஸ்டர் வாம்பயர்' படத்தில் தாவோ குருவாக, அதாவது பேயோட்டும் தாவோ மதப் பூசாரியாக, நடித்தவர் லாம் சிங்-யிங். அவரைத் துரத்தும் பிணமாக நடித்தவர் யுவென் வா. அதாவது ஒரு ஓபராப் பள்ளியின் மாணவர் மந்திரவாதி, இன்னொரு ஓபராப் பள்ளியின் மாணவர் பிணம். அந்தக் குதியைக் கவனித்தால், முழங்கால் ஏறக்குறைய மடங்குவதே இல்லை, தோள் அசைவதில்லை, கணுக்காலிலிருந்துதான் உந்தல் வருகிறது. எழும்போதும் இறங்கும்போதும் நீட்டிய கை ஒரே மட்டத்தில் நிற்கிறது. சும்மா ஒரு நடிகரிடம் இப்படிக் குதிக்கச் சொன்னால் இரண்டாவது குதியிலேயே கை ஆடும், கழுத்து முன்னே போகும், பயம் போய்ச் சிரிப்பு வரும். செய்யும் திறன் ஓபராவுடையது, அதில் சந்தேகமில்லை.

ஆனால் பிணம் என்ற உருவமே ஓபராவிலிருந்து வந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். எழுந்து நடமாடும் பிணங்கள் 18ஆம் நூற்றாண்டில் யுவான் மெய் தொகுத்த கதைகளிலேயே இருக்கின்றன. வெளியூரில் இறந்தவர்களின் உடலை மந்திரத்தால் நடத்திச் சொந்த ஊருக்குக் கூட்டிவரும் கதை ஹுனான் பக்கத்து நாட்டார் வழக்கு. உடையும் வேறு கதை சொல்கிறது. அந்தப் பிணங்கள் போட்டிருப்பது சீனாவைக் கடைசியாக ஆண்ட மஞ்சு இனத்து சிங் வம்சத்தின் அரசு அதிகாரியின் அங்கியும் தொப்பியும். பீக்கிங் ஓபராவின் உடையலங்காரமோ பெரும்பாலும் அதற்கு முந்தைய மிங் வம்ச காலத்துப் பாணி; மஞ்சு உடை அதில் வேற்றினத்தாரைக் காட்டத்தான் வரும். மேடைப் பேய்க்கு அடையாளமே வேறு: தலைமேல் கறுப்பு மெல்லிய துணி, காதோரம் தொங்கும் வெள்ளைக் காகிதக் கீற்று. அதைப் பார்த்ததும் இது ஆவி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆக, நாட்டார் கதையின் பிணத்தை ஓபராக் கால்களால் சினிமா குதிக்கவைத்தது என்பதுதான் என் கணிப்பு.

இனி எனக்கு நன்றாகத் தெரிந்த இடம், நீங்கள் கேட்ட அந்தச் சத்தம். பீக்கிங் ஓபராவில் சண்டைக் காட்சியை நடத்துவது தாள வாத்தியக்காரர்கள்தான். ஒற்றைத் தோல் கொண்ட சிறு பறை ஒருவரிடம். அவர்தான் தலைவர், மற்றவர்கள் அவர் குச்சியைப் பார்த்தே வாசிப்பார்கள். பெரிய சேகண்டி, சிறிய சேகண்டி, ஜால்ரா. பெரியதை அடித்தால் ஒலி கீழே சரியும்; சிறியதை அடித்தால் மேலே எழும். இவற்றை வைத்துப் பெயரிட்ட தாளக்கட்டுகள் நிறைய உண்டு. வேகமாக உருண்டோடும் ஒன்று படை புகும்போது வரும். நான்கு அடியில் முடியும் இன்னொன்று, சி-ஜி-தோ என்பார்கள், வீரன் வெளியே வந்து நிலைகொள்ளும்போது வரும். முதல் அடிகளுக்கு அவன் திரும்புகிறான், காலைத் தூக்குகிறான், அங்கியை உதறுகிறான். கடைசி அடியில் உடம்பு நிற்க வேண்டும், கண் மட்டும் பளிச்சென்று பார்வையாளரைப் பார்க்க வேண்டும். அந்த நிலைக்கு லியாங்சியாங் என்று பெயர். அரை நொடி பிந்தினாலும் வீரன் தடுமாறியவனாகத் தெரிவான்.

ஹாங்காங் சண்டைக் காட்சி ஒன்றை எடிட்டிங் மேசையில் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள். நாலைந்து அடிகள் மின்னல் வேகத்தில், பிறகு இருவரும் ஒரு கணம் நிற்பார்கள், மறுபடி வெடிக்கும். ஹாலிவுட்டில் சண்டை தொடர்ந்து ஓடும். இங்கே ஓடி, நின்று, ஓடும். மாணவர்களிடம் ஒலியை அணைத்துவிட்டு வெட்டுகளை மட்டும் கையால் தட்டச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே ஒரு தாளத்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். சேகண்டி அடிக்காத படத்திலும் சேகண்டி இருக்கும் இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. சண்டை அமைத்தவர் சிறுவயதில் எந்தத் தாளத்துக்குக் குதித்தாரோ அதே தாளத்துக்குத்தான் அடிகளை எண்ணுகிறார். அந்த முறைப்பும் நிற்பும் அங்கிருந்து வந்தவையே. அசடு வழியும் மிகை நடிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த நிற்பை எடுத்துவிட்டால் யார் எங்கே நின்று யாரை அடித்தார் என்பதே பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும்.

இதை அறிந்தே செய்தவர் இயக்குநர் கிங் ஹூ. அவருக்குச் சண்டை அமைத்தவர் ஹான் யிங்-ஜீ; அவரும் பீக்கிங் ஓபராவில் தேர்ந்தவர். (புரூஸ் லீயின் 'தி பிக் பாஸ்' படத்தில் வில்லன் முதலாளி இவர்தான்.) 1975இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் தொழில்நுட்பப் பரிசு வாங்கிய 'எ டச் ஆஃப் ஜென்' ஒரு பேய்க்கதையாகத்தான் தொடங்குகிறது. பாழடைந்த கோட்டை, இரவில் யாரோ நடமாட்டம். மூலம் பழைய சீன எழுத்தாளர் பு சோங்லிங் எழுதிய பேய், நரி, ஆவிக் கதைகளில் ஒன்று. பிறகு அந்தப் பேய் பயத்தையே ஆயுதமாக்கி, பொம்மைகளையும் பொறிகளையும் வைத்து எதிரிப் படையை விரட்டுகிறார்கள். விடிந்ததும் கதாநாயகன் தன் தந்திரத்தை நினைத்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே நடக்கிறான். நடக்க நடக்கப் பிணங்கள் தெரிகின்றன, சிரிப்பு அடங்குகிறது. பேய்ப் பயம் எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு நிதானமாகக் காட்டிய படம் வேறொன்று எனக்கு நினைவில்லை. அவருடைய 1979 படமான 'லெஜண்ட் ஆஃப் தி மவுண்டன்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் ஒரு பெண் பேயும் ஒரு லாமாவும் (திபெத்திய பௌத்தத் துறவி) மோதுவது கத்தியால் அல்ல; தாள வாத்தியங்களால். அவள் சிறு மேளத்தை அடிக்கிறாள், அவர் பதிலடி கொடுக்கிறார், ஒவ்வொரு அடிக்கும் எதிராளி வலியில் துடிக்கிறார். மேடையோரம் உட்கார்ந்து சண்டையை நடத்திய வாத்தியமே சண்டையாகிவிட்டது. ஓபராவிலிருந்து பேய்ப் படத்துக்கு எது வந்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தக் காட்சியைத்தான். படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல், பொறுமை வேண்டும்.

இருட்டில் ஒருவரையொருவர் தடவிக்கொண்டு சண்டை போடும் விடுதிக் காட்சிகள் உங்கள் பட்டியலில் இல்லை. ஆனால் நேரடி வாரிசு என்று துணிந்து சொல்லக்கூடியவை அவைதான். 'சான்சாகோவ்' என்ற பழைய நாடகத்தில் முழு வெளிச்சத்தில் இருவர் இருட்டில் இருப்பதாக ஆடுவார்கள். ஒரு மேசை போதும்.

பேய் நடை, சட்டைக் கை பற்றி ஒரு வார்த்தை. மேடையில் ஆவி வரும்போது இடுப்புக்கு மேல் ஒன்றுமே அசையாது, அங்கிக்குள் கால்கள் மட்டும் பொடிப்பொடி அடிகளாக ஓடும். மிதந்து வருவதுபோலத் தெரியும். பெண் வேடத்தின் கை நுனியில் நீண்ட வெள்ளைப் பட்டு இருக்கும், அதை வீசுவது, சுருட்டுவது, உதறுவது எல்லாம் தனிப் பயிற்சி. 1987இல் ட்சுய் ஹார்க் தயாரித்து சிங் சியூ-துங் இயக்கிய 'எ சைனீஸ் கோஸ்ட் ஸ்டோரி'யில் பறக்கும் துணிகள் அந்தக் கையிலிருந்து நீண்டவை என்று எடுத்துக்கொள்ளலாம். சிங் சியூ-துங்கும் ஓபராப் பயிற்சி பெற்றவர். இதுவும் பு சோங்லிங்கின் கதைதான். ஆனால் அதில் வரும் மர ராட்சசியாக நடித்த லாவ் சியூ-மிங் பாலே நடனத்திலிருந்து வந்தவர். ஒரே படத்தில் எத்தனை மூலங்கள் கலந்திருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அந்த வீடியோ தொடாத விஷயம். சீனத்தின் தென்பகுதியில் ஓபரா மனிதர்களுக்காக மட்டும் ஆடப்பட்டதல்ல. ஏழாம் மாதத்தில் போடும் மேடை அலையும் ஆவிகளுக்காக. திருவிழா மேடை கோயில் தெய்வத்தைப் பார்த்து நிற்கும். இங்கே சிங்கப்பூரில் முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டிருப்பார்கள், அதில் யாரும் உட்காரக்கூடாது. புது இடத்தில் மேடை கட்டினால் கான்டனீஸ் குழுக்கள் நாடகத்துக்கு முன் வெள்ளைப் புலிச் சடங்கு செய்வார்கள். கருமுகத் தெய்வம் ஒன்று மேடையேறும். புலி வேடமிட்டவருக்குப் பச்சைப் பன்றிக்கறி வைப்பார்கள். அதைத் தின்ன வரும் புலியைத் தெய்வம் அடித்துச் சங்கிலியால் கட்டும். அதுவரை குழுவில் யாரும் வாய் திறக்கக்கூடாது. அதாவது துஷ்ட சக்தியைச் சண்டையால் அடக்குவது அவர்களுக்குக் கதை மட்டுமல்ல, வேலையின் ஒரு பகுதி. தாவோ குரு மரக்கத்தியோடு பிணத்தை அடக்கும் காட்சியில் லாம் சிங்-யிங்கிடம் ஒரு துளி விளையாட்டும் இல்லை, சுற்றிலும் எல்லோரும் கோமாளித்தனம் செய்துகொண்டிருந்தாலும். அந்த முகத்துக்குக் காரணம் இந்தப் பழக்கம்தான் என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் பிணைப்பு உறுதியாகிறது. 1900இல் சீனாவில் வெளிநாட்டவருக்கு எதிராக எழுந்த பாக்ஸர்கள் என்ற கிளர்ச்சியாளர்கள் சாமி வந்து ஆடியே சண்டைக்குப் போனார்கள். குண்டு தங்களைத் துளைக்காது என்று நம்பினார்கள். அவர்கள் உடம்பில் இறங்கிய தெய்வங்கள் யார் யார் என்று பார்த்தால் குரங்கரசன் சுன் வூகோங், போர்த்தெய்வம் குவான் யூ போன்றவர்கள்; வட சீனக் கிராமத் திருவிழா ஓபராக்களில் மக்கள் பார்த்துப் பழகிய பாத்திரங்கள்தான் அவர்கள் என்று வரலாற்றாசிரியர் ஜோசப் எஷரிக் காட்டியிருக்கிறார். மேடையில் ஆடிய உடம்புமொழியே சாமி வந்தவரின் உடம்புமொழியும் ஆனது. பிறகு அதே விஷயம் படமாகிறது. 1975இல் லாவ் கார்-லியுங் இயக்கிய 'தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்' படத்தில் சாமி வந்ததாக ஊரை ஏமாற்றும் ஒரு பையன். 1980இல் சாமோ ஹங்கின் 'என்கவுண்டர்ஸ் ஆஃப் தி ஸ்பூக்கி கைண்ட்' படத்தில் ஏமாற்றே இல்லை. உயரமான பீடங்களில் நின்று இரண்டு மந்திரவாதிகள் தெய்வங்களை அழைக்க, கீழே நிற்பவர்கள் மேல் அவை இறங்க, சாமோ குரங்கரசனாக மாறிச் சொறிந்துகொண்டே அடிக்கிறார். பள்ளியில் சிறுவனாகக் கற்ற குரங்கு ஆட்டத்தை, சாமி வந்தவனாக, கேமரா முன் ஆடுகிறார். மேடை, சடங்கு, சினிமா மூன்றும் ஒரே ஆளின் உடம்பில் இருக்கின்றன.

ஓபராவுக்குக் கணக்கெழுதக் கூடாதவை இனி. பறத்தல் முதலில். பாரம்பரிய மேடையில் யாரும் கம்பியில் தொங்குவதில்லை. குதிரைமயிர்ச் சாமரம் கையில் இருந்தால் அவர் பெரும்பாலும் தேவரோ ஆவியோ துறவியோ. துணையாட்கள் மேகம் வரைந்த பலகை பிடித்து வந்தால் அவர் வானில் போகிறார். அலை வரைந்த கொடிகளை ஆட்டினால் வெள்ளம். வெண்பாம்புக் கதையில் கோயிலை வெள்ளம் சூழ்வதை இப்படித்தான் ஆடுவார்கள். கம்பியில் பறப்பது சினிமாவின் சொத்து. 1928இல் ஷாங்காயில் தொடங்கிய 'செங்கமலக் கோயில் எரிப்பு' தொடர்படங்களிலேயே பறந்தார்கள், கையிலிருந்து மந்திர ஒளியும் விட்டார்கள். 1964இன் 'புத்தா'ஸ் பாம்' போன்ற கான்டனீஸ் படங்களில் உள்ளங்கையிலிருந்து பாயும் கதிர்களைப் படச்சுருளில் கையால் வரைந்து சேர்த்தார்கள். (அதன் நாயகி யூ சோ-சாவ், மேலே சொன்ன குரு யூ ஜிம்-யுவெனின் மகள், ஊர் அவ்வளவு சின்னது.) நொடியில் முகமூடி மாற்றும் வித்தை சிச்சுவான் ஓபராவுடையது. பீக்கிங் ஓபராவின் வர்ணம் பூசிய முகத்தோடு அதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நெருப்பு ஊதுவது உண்மையிலேயே மேடையுடையது. லி ஹுய்நியாங் என்ற கொலையுண்ட பெண்ணின் ஆவி தன் காதலனைக் காப்பாற்ற, குங்கிலியப் பொடியால் தீ உமிழும் காட்சி வடமேற்குச் சீன ஓபராவில் பெயர் பெற்றது. அந்தக் கதையின் புதிய வடிவம் 1961இல் பெய்ஜிங்கில் மேடையேறியது, 1963இல் பேய் நாடகங்களையே அரசு நிறுத்தியது. அதற்கு முன் 1931வாக்கில் கம்யூனிஸ்டுகளுக்கு முன் சீனாவை ஆண்ட குவோமின்டாங் கட்சியின் அரசும் மந்திர தந்திரப் படங்களைத் தடை செய்திருந்தது. பேய்களுக்கு ஹாங்காங்கில் இடம் கிடைத்ததற்கு இந்த இரண்டு தடைகளும் ஒரு காரணம். அதை மட்டும் காரணமாக்கினால் மிகையாகும், அங்கே வியாபாரமும் இருந்தது.

எதில் தொடங்கலாம் என்றால், 'மிஸ்டர் வாம்பயர்' முதலில். சிரித்துக்கொண்டே பார்க்கலாம், யுவென் வாவின் கணுக்காலை மட்டும் கவனியுங்கள். அடுத்து 1980இன் சாமோ ஹங் படம், கடைசி அரைமணி நேரத்துக்காகவாவது. அவை பிடித்திருந்தால் கிங் ஹூவுக்குப் போங்கள், நேரே போனால் தூங்கிவிடுவீர்கள். டப்பிங் பிரதிகளைத் தவிர்க்கப் பாருங்கள். வசனத்தை மாற்றும்போது பின்னணி ஒலியையும் புதிதாகப் போட்ட பிரதிகள் உண்டு. நீங்கள் கேட்ட அந்தச் சேகண்டிச் சத்தம் அவற்றில் காணாமல் போயிருக்கலாம். கான்டனீஸ் அல்லது மாண்டரின் ஒலியும் சப்டைட்டிலும் உள்ள பிரதியைத் தேடி எடுத்தால் போதும்.